முழங்கைக் கோயில்

மடக்கிய முழங்கை போலக் கட்டியிருந்தார்கள் அந்த லுத்தரன் கோயிலை. ஒரு கையில் ஒரு சாதித் தெருக்காரர்கள், மறு கையில் இன்னொரு சாதித் தெருக்காரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அப்படி. மூட்டில் பிரசங்க மேடை. போதகர் பாதிப் பிரசங்கத்தை இந்தப் பக்கம் பார்த்துச் சொல்வார், மீதியை அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வார். ஞானப்பாட்டின் கடைசிச் சொல்லை எல்லோரும் நிறுத்திய பிறகும் அந்தப் பக்கத்து ஆண்குரல் ஒன்று இழுக்கும். ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ரஞ்சிதமணி இந்தப் பக்கத்துப் பெஞ்சிலிருந்தே அதோடு சேர்ந்து இழுப்பாள். அந்த முகத்தைப் பார்த்துவிடுவதென்று ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மறுவாசலுக்குப் போனாள். பெஞ்செல்லாம் புறா எச்சம்.

“அந்தத் தெருக்காரங்க தனிக் கோயில் கட்டிப் போயி பன்னெண்டு வருசமாச்சேம்மா,” என்றார் மணியடிக்கும் கோயில்பிள்ளை.

“அப்ப போதகரையா யாரைப் பார்த்துப் பேசுறாங்க?”

“கட்டடம் அப்படி. திரும்பித்தானே ஆகணும்?”

அடுத்த ஞாயிறு அவள் மறுவாசல் வழியாகவே போய், முன் பெஞ்சைத் துடைத்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் திரும்பிய போதகர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். பிறகு பாட்டு வந்தது. கடைசிச் சொல்லை அவள் இழுத்தாள். மூட்டுக்கு அப்பால், அவள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து, அந்தக் குரலும் இழுத்தது.