மொழிபெயர்ப்பாளர் வேலை

"இதுவா ஸ்பானிஷ்? எங்க வீட்டுப் பூனை இதைவிட நல்லா பேசும்," என்றார் கிராசியெலா. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கான லத்தீனோ மாணவர் மையத்தின் பொறுப்பாளர்.

வேலை கேட்டு வந்த மாணவன் அபெல் தலைகுனிந்தான். மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லையென்றால் உதவித்தொகையும் கிடையாது.

"வேற ஆள் பாத்துக்கறேன். கிளம்பு தம்பி."

அப்போது ஒரு மாணவியின் தாய் மூன்றாவது வாரமாக வந்தார். மகளின் விடுதிப் படிவத்தை கிராசியெலா ஸ்பானிஷில் மறுபடி விளக்கினார். தாய் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

வாசல்வரை போன அபெல் திரும்பி, அந்தத் தாயிடம் வேறொரு மொழியில் ஏதோ கேட்டான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று பேசினார்.

"என்ன பாஷை இது?"

"மிஸ்தெகோ. மெக்சிகோல எங்க மலைல ஸ்பானிஷுக்கு முந்தியே இருந்தது. வீட்ல இதான் பேசுவோம்."

"என்ன சொல்றாங்க?"

"மூணு வாரமா நீங்க பேசினதுல ஒரு வார்த்தைகூடப் புரியலையாம்."

கிராசியெலா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க தம்பி."