கொள்ளுத்தாத்தாவின் விலங்கு

துரானின் கொள்ளுத்தாத்தா மதம் மாற மறுத்ததால், அரசன் அவருக்கு விலங்கு பூட்டி, கப்பலில் துடுப்பு வலிக்க வைத்தான். வருடத்துக்கு ஒருமுறை துரான் குடும்பத்தார் அந்த இரும்பு வளையத்தை வெளியே எடுத்து, வேதாகமத்தின் சங்கீதம் ஒன்றைப் பாடி, ஆளுக்கொரு முத்தம் கொடுப்பார்கள். இந்த முறை ஏழு வயது மகள் ஜூடித் அதைக் காலில் நுழைத்து, முழங்காலுக்கு மேலே ஏற்றிவிட்டாள். அது இறங்கவில்லை. சாவி தொலைந்து பல வருடமாயிற்று. கால் நீலமாக வீங்கியது.

துரானின் கரும்புத் தோட்டம் கடலுக்கு அப்பால் ஒரு தீவில் இருந்தது. அங்கிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட செலஸ்தின், அடுக்களையிலிருந்து எண்ணெயோடு வந்தாள்.

“நகருங்க ஐயா. வீங்கின கால்ல இரும்பை நகர்த்துறது எங்களுக்குப் பழக்கம்.”

முழங்கால் வரை இறக்கியவள் கையை நிறுத்தினாள்.

“ஐயா, தோட்டத்துல என் மக கால்லயும் ஒண்ணு கெடக்கு. நாளைக்குக் கப்பல் போகுது. கழட்டிவிடச் சொல்லி எழுதிக் குடுங்க.”

“கொழுப்பா உனக்கு? முதல்ல இதை எடு!”

“எழுதுங்க ஐயா.”

ஜூடித் வீறிட்டாள். துரான் நான்கு வரி எழுதி நீட்டினார். செலஸ்தினுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் ஐந்து வயதிலேயே வேதம் வாசிக்கப் பழக்கிவிடுவார்கள். காகிதத்தை ஜூடித்தின் மடியில் விரித்தாள்.

“அப்பா என்ன எழுதியிருக்காருன்னு படி கண்ணு.”

ஜூடித் விம்மிக்கொண்டே விரல் வைத்து மனதுக்குள் வாசித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. அழுகையும் நின்றது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

“சத்தமாப் படி,” என்றாள் செலஸ்தின்.