நாய் பொய் சொல்லாது

"திருடி! வேலைக்கு வந்து முழுசா ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள கைவரிசையைக் காட்டிட்டியேடி!"

சூப்பர்வைசரம்மா கத்தினால் வாஷிங் மெஷின் சத்தமே காணாமல் போகும் என்பார்கள். இன்றைக்கு மெஷின்களை நிறுத்திவிட்டே கத்தினாள். சலவைக்கூடம் அதிர்ந்தது.

சுவரோரம் வரிசையாக நின்ற பெண்களில் கடைசி ஆளின் முன்னால் அந்த நாய் பிடித்து வைத்தாற்போல் உட்கார்ந்திருந்தது. அந்தக் கடைசி ஆளுக்கு இங்கே பெயர் 'புதுசு'.

"நான் எடுக்கலக்கா."

"அக்கான்னு கூப்பிட்டே, பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவேன்!"

போனது சூப்பர்வைசரம்மாவின் கல்யாண மோதிரம். வீட்டுக்காரர் கண்ணை மூடியபின் அவளிடம் அவர் ஞாபகமாக மிஞ்சியது அது ஒன்றுதான். பிளீச்சிங் தண்ணீரில் கைவிடும் முன் அதைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவாள். இன்று காலையும் வைத்தாள். வந்து பார்த்தால் முடிச்சோடு காணோம்.

அழுது, கத்தி, எல்லா மூலையையும் கிளறிப் பார்த்தபிறகுதான் கேட் வாட்ச்மேன் தன் மச்சானைக் கூட்டி வந்தார். மச்சான் மோப்ப நாய் பழக்குகிறவர். சூப்பர்வைசரம்மாவின் கைக்குட்டை எப்போதும் தலைவலித் தைலத்தில் ஊறிக் கிடக்கும். அந்தத் தைல பாட்டிலைத்தான் நாயின் மூக்கில் காட்டினார். நாய் வரிசையில் ஒவ்வொருத்தியாக முகர்ந்து வந்து, புதுசின் முன்னால் உட்கார்ந்துவிட்டது.

"கொட்டுடி பையை!"

புதுசு பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸ். பல்லு போன சீப்பு. குழந்தையின் ஒற்றைக் காலுறை. அவ்வளவுதான்.

"எங்கேயாவது ஒளிச்சு வச்சிருப்பா. புருஷன்காரன் ஜெயிலுக்குப் போறப்ப தொழிலைப் பொண்டாட்டிகிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிருப்பான்," என்றாள் துணி மடிக்கிறவள். நாலு பேர் சிரித்தார்கள்.

புதுசின் முகம் ரத்தமாகச் சிவந்தது.

"அவன் திருடினான், உள்ள இருக்கான். நான் திருடாததுக்கும் உள்ள போகணுமா? இந்த வேலையும் போச்சுன்னா என் புள்ளைக்கு நீங்களா பால் வாங்கி ஊத்துவீங்க?"

"வாயைப் பாரு! அப்போ நாய் பொய் சொல்லுதா?" சூப்பர்வைசரம்மா அவள் பையைக் காலால் எத்தினாள். "உன்னைச் சேர்க்காதேன்னு எல்லாரும் தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. பாவம்னு பார்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! நட வெளியே. இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!"

நாய்க்காரர் மெல்லச் செருமினார்.

"ஒரு நிமிஷம்மா. இன்னொரு தரம் விட்டுப் பார்த்துடலாம்."

"எதுக்கு? அதான் கையும் களவுமா பிடிச்சாச்சே!"

"இவங்ககிட்ட பொருள் இல்லையேம்மா. என் திருப்திக்காக ஒரே ஒரு தரம். எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடிக்கோங்க. நீங்களும்தான். நானும் மூடிக்கிறேன்."

"ஏன், உங்க நாய்க்கு வெட்கமா?" என்றாள் துணி மடிக்கிறவள்.

கயிற்றை அவிழ்த்துவிடும் சத்தம் கேட்டது. பிறகு சிமெண்ட் தரையில் நாயின் நகங்கள் கிரீச் கிரீச்சென்று நகர்ந்தன.

சூப்பர்வைசரம்மா பல்லைக் கடித்தபடி காத்திருந்தாள். போ, அவகிட்டயே போய் உட்காரு. உட்காந்து அந்த வாயை அடைச்சு விடு.

நகச் சத்தம் வரிசையைத் தாண்டிப் போனது. புதுசு நின்ற இடத்தையும் தாண்டியது. திரும்பியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் தூரத்தில் எதையோ பறண்டும் சத்தம்.

எல்லாரும் திரும்பினார்கள். அழுக்குத் துணித் தள்ளுவண்டியில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு நாய் பறண்டிக்கொண்டிருந்தது.

நாய்க்காரர் துணிகளை விலக்கினார். கறை படிந்த தலையணை உறைகளுக்கும் துண்டுகளுக்கும் நடுவே, முடிச்சு அவிழாமல், தைல வாசனையோடு அந்த வெள்ளைக் கைக்குட்டை. உள்ளே மோதிரம்.

யார் போட்டது என்று கேட்கத் தேவையே இல்லை. காலையில் ஜன்னலோரம் அழுக்குத் துணி மூட்டையைப் பிரித்து வண்டியில் வாரிப் போட்டவள் சூப்பர்வைசரம்மாதான். இத்தனை வருஷப் பழக்கத்தில், கைக்கு எட்டின வெள்ளைத் துணி எதுவானாலும் அந்தக் கை அள்ளி வண்டிக்குள் வீசிவிடும்.

மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டாள். தலை நிமிரவில்லை. ஆனால் கோபம் மட்டும் இறங்குவதாக இல்லை. அது வேறு ஆளைத் தேடியது.

"அப்போ முதல்ல எதுக்கு இவ முன்னாடி போய் உட்கார்ந்துச்சு? சனியன் பிடிச்ச நாய்! இதையும் மோப்ப நாய்னு கூட்டிட்டு வந்துட்டீங்க. அநியாயமா ஒருத்தி பொழப்பைக் கெடுக்கப் பார்த்துச்சே!"

துணி மடிக்கிறவளும் சேர்ந்துகொண்டாள். "அதானே! மூக்கே சரியில்ல போல."

புதுசு யாரையும் பார்க்காமல், தரையில் சிதறிக் கிடந்ததைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாய்க்காரர் கயிற்றை மாட்டினார்.

"மூக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா மனுஷங்களை அண்டிப் பிழைக்கிற ஜென்மம். மூக்கு ஒரு பக்கம் இழுத்து, நாம எல்லாரும் இன்னொரு பக்கம் முறைச்சுப் பார்த்துட்டு நின்னா, தன் மூக்கை விட்டுட்டு நம்ம கண்ணைத்தான் நம்பும். கேட்ல நுழையறப்பவே இவங்க புருஷன் கதையை வாட்ச்மேன் மச்சான் என் காதுல போட்டுட்டார். அதனால நானும் இவங்களையேதான் பார்த்துட்டு நின்னேன்."

"அப்படின்னா?"

"முதல் தரம் அது மோதிரத்தைத் தேடவே இல்லம்மா. நம்ம மனசுல இருந்த திருடியைத்தான் சரியா கண்டுபிடிச்சுக் குடுத்துச்சு."