பழுப்பு பிடிக்கவில்லை

அது கார்த்திகையா மார்கழியா என்பதில் சென்னியப்பனுக்கு இப்போதும் குழப்பம். எழுபத்தெட்டாம் வருஷம் என்பது மட்டும் நிச்சயம்.

பனியன் ஊரின் ராயபுரம் கிளினிக்கில் துணித்திரைக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி தெய்வாத்தாள் ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் டாக்டர் தணிந்த குரலில் பேசினார்.

அவள் கழுத்தில் வெட்டியெடுத்த கட்டி அங்கே பிறந்ததல்ல. வேறெங்கோ பிறந்து அங்கே வந்து தங்கியது. தைராய்டு சுரப்பியில் பிறந்ததென்றால் அதற்கே உரிய புரதம் கட்டியில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் பம்பாய்க்கு அனுப்பிச் சாயம் ஏற்றினார்கள். அந்தப் புரதம் இருந்தால் சாயம் பழுப்பாகப் பிடிக்கும். பழுப்பு பிடித்திருந்தால் மருந்து உண்டு.

பிடிக்கவில்லை.

தெருவில் நூல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று மெல்லப் போய் மறைந்தது.

தெய்வாத்தாள் திரையை விலக்கி வந்தாள். பம்பாயிலிருந்து வந்த கண்ணாடிச் சில்லோடு மேசைமேல் இருந்த மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள். தானும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். டாக்டர் மறுக்கவில்லை. மறுக்கவும் அலுப்பாக இருந்திருக்கும்.

பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. மிஷின் எண்ணெய் தெறித்துப் பழுப்பாக ஒரு பொட்டு இருந்தால் போதும், பனியன் செகண்ட்ஸ் குவியலுக்குப் போய்விடும்.

அதே கண்ணோடு குனிந்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"ஒரு கறை இல்லீங்க. நீலம் போட்டு அலசுனாப்பல இருக்குது. நீங்க எதுக்குங்க மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்கறீங்க?"

சென்னியப்பன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் சன்னலைப் பார்த்தார்.

"ஆமா புள்ள, சுத்தமாத்தான் இருக்குது," என்றான்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அவளுடைய தப்பை அவன் திருத்தவில்லை. அன்று மட்டுமல்ல, கடைசிவரைக்கும்.

தெய்வாத்தாள் சித்திரையில் போய்ச் சேர்ந்தாள். டாக்டர் ஈரோட்டுக்கு மாறிப் போனார். சென்னியப்பன் அதே வீட்டில்தான் இருக்கிறான், தனியாக.

செக்கிங் மேசையில் அவளுக்கு எதிரே நின்று வேலை பார்த்த குப்பாயி, துக்கம் விசாரிக்க வந்தபோது ஒன்று சொன்னாள். கிளினிக்கிலிருந்து வந்த மறுநாளே தெய்வாத்தாள் அவளிடம் சொல்லிவிட்டாளாம். திரை வெறும் துணிதானே, டாக்டர் சொன்னதெல்லாம் கேட்டது என்று. பழுப்பு பிடிக்கவில்லை, இனி மருந்தில்லை என்று.

தனக்குத் தெரியும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம் என்றும்.