இடப்பக்கச் சரிவு

மனைவியின் மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்ததும், அவளை வெளியே கூட்டிப்போக ஒரு பழைய கோல்ஃப் வண்டியைக் கையைக் கடிக்காத விலைக்கு வாங்கினேன். பாட்டரி மட்டும் புதிது. சீட்டுகளுக்குள் எங்கள் பழைய மெத்தைப் பஞ்சு. வண்டி இடப்பக்கம் சரிந்தே நின்றது. ஸ்பிரிங்கை மாற்றியும் நிமிரவில்லை.

மச்சினன் குனிந்து பார்த்தான். “ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு மாமா. ஆள் உக்காந்த மாதிரி அமுங்கியிருக்கு.”

“உங்கக்காகிட்ட சொல்லித் தொலைக்காத.”

மறுநாள் அவள் தடியூன்றி வந்து இடப்பக்கம் நின்றாள். வண்டி மெல்ல நிமிர்ந்தது. ஏறி உட்கார்ந்தாள். நானும் ஏறினேன். பின்சீட்டு ஒருமுறை அமுங்கியது.

“தம்பியும் ஏறிட்டானா?” என்றாள், திரும்பாமலே.

மச்சினன் எங்களுக்கு எதிரே கேட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

“ஏறியாச்சு” என்றேன்.