ஹாலுக்கு எத்தனை டைல்ஸ்?

"இந்தக் கையெழுத்து உங்களுதுதானே, நிங்யா அப்பா?"

ஃபூ டீச்சர் நோட்டைத் தூக்கிக் காட்டியதும் நாற்பத்தொரு தலை திரும்பியது. மூன்றாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். அவரவர் பிள்ளையின் இடத்தில்தான் உட்கார வேண்டும். டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி கெங் தாஷான், மகளின் குட்டி மேஜைக்கடியில் முழங்காலை எப்படியோ திணித்து உட்கார்ந்திருந்தான்.

"என்னுதுதான் டீச்சர்."

"'சரிபார்த்தேன்'னு எழுதியிருக்கீங்களே, என்னத்தைச் சரிபார்த்தீங்க?"

"எல்லாத்தையும்தான்" என்றான். குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

"பரீட்சைக்கு முன்னாடி முக்கியமான கணக்கையெல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கத்தானே இந்தப் பயிற்சிப் புத்தகம்? வகுத்தல், கடிகாரம், பின்னம், பரப்பளவு. இந்தப் பரப்பளவுல பதினாலாவது கணக்கு. நாப்பத்தோரு பிள்ளைங்க சரி. ஒரே ஒரு பிள்ளை தப்பு. அதுவும் யாரு? கணக்கு லீடர்!"

ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் நிங்யா கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். கையில் லீடருக்கான சிவப்புப் பட்டை. அது கிடைத்த மூன்று வாரமாகத் தூங்கும்போதுகூடக் கழற்றியதில்லை.

"நாளையிலேர்ந்து பட்டை ஹாவ்ரானுக்கு. லீடரே தப்பாப் போட்டா மத்த பிள்ளைங்க என்ன நினைக்கும்?"

முன் வரிசையில் ஹாவ்ரானின் அம்மா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அடக்கத்தைப் பார்த்ததும் தாஷானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டையைக் கழற்று என்று பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

"கணக்கைக் கொஞ்சம் படிங்க டீச்சர்."

"ஒன்பது மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் உள்ள ஹால். டைல்ஸ் ஒண்ணு முப்பது சென்டிமீட்டர் சதுரம். எத்தனை டைல்ஸ் வேணும்? விடை அறுபது. உங்க பொண்ணு அறுநூறுன்னு போட்டிருக்கா. சைபர்னா அவ்வளவு தாராளம்!"

வகுப்பே சிரித்தது.

"அறுபதுன்னு எந்த மடையன் சொன்னான்?"

சிரிப்பு நின்றது.

"நாப்பத்தோரு வீட்டுல சொல்றாங்க. பேச்சு மரியாதையா இருக்கட்டும், நிங்யா அப்பா."

"நாலாயிரம் வீட்டுல சொல்லட்டுமே! அறுபது டைல்ஸை வெச்சு ஹால் போட முடியாது டீச்சர், கக்கூஸ்தான் போடலாம்."

தாஷான் எழுந்தான். மேஜையும் கூடவே எழுந்தது. அதை உதறிவிட்டுப் போய், டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிப் பலகையில் ஒரு ஹாலை வரைந்தான்.

"நீளவாட்டுல ஒரு வரிசைக்கு முப்பது டைல்ஸ். அகலவாட்டுல இருபது வரிசை. முப்பதை இருபதால பெருக்குங்க. எங்கிட்ட சிமென்ட் கலக்க வர்றவன் குடிச்சிருந்தாலும் இதைச் சரியாச் சொல்லுவான்."

ஃபூ டீச்சர் பலகையைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த அச்சடித்த விடைப் பக்கத்தைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியது.

"அச்சுல... ஒரு சைபர் விட்டுப்போச்சு போல."

"அப்போ நீங்களும் போட்டுப் பார்க்கலையா டீச்சர்?"

"நாப்பத்திரெண்டு நோட்டுங்க! நான் ஒருத்தி!" என்று சீறியவர் சட்டென்று நிறுத்தினார். "இருங்க இருங்க. பிழை இருக்கறது எங்கிட்ட இருக்கற விடைப் பக்கத்துல. அது எப்படி நாப்பத்தோரு வீட்டுக்கு நடந்து வந்துச்சு?"

பயிற்சிப் புத்தகம் கைக்கு வந்த அன்றே, கடைசியில் இருக்கும் விடைப் பக்கங்களைக் கிழித்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஊர் முழுக்க இதுதான் வழக்கம். கிழித்த அத்தனையும் வகுப்பு மூலையில் இருந்த பீரோவில் பூட்டிக் கிடந்தன.

ஒருத்தர் செல்போனைத் தேய்த்தார். இன்னொருத்தர் மகன் மேஜைக்கடியில் ஒட்டி வைத்திருந்த சூயிங்கத்தை ஆராய ஆரம்பித்தார்.

"ஹாவ்ரான் அம்மா, நீங்க சொல்லுங்க."

"ஸ்கூல் வாசல் கடையில இதே புத்தகம் விக்கிறாங்க டீச்சர்." அழாத குறையாகச் சொன்னாள் அவள். "எல்லாரும்தான் இன்னொரு காப்பி வாங்கினோம். எம் பையன் முதல்ல அறுநூறுன்னுதான் போட்டிருந்தான். நான்தான் மண்டையில ஒரு குட்டு வெச்சு அழிக்கச் சொன்னேன்."

"எங்க வீட்டுலயும் அதே குட்டுதான்" என்று பின்னாலிருந்து ஒரு அப்பா முனகினார்.

"பிள்ளைங்க ஒழுங்காப் போட்டதைப் பெரியவங்க தப்பாத் திருத்தி, அதுக்குக் கீழ கையெழுத்து வேற! வெக்கமா இல்ல?" டீச்சர் பொரிந்து தள்ளினார். அவரும் அதே தாளைப் பார்த்துத்தான் திருத்தினார் என்று எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. பிள்ளை இன்னும் மூன்று வருஷம் இங்கே படிக்க வேண்டுமே.

"பட்டை நிங்யாகிட்டயே இருக்கும். இந்த வகுப்புல நேர்மையான வீடு ஒண்ணே ஒண்ணுதான். எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். வேறு வழி?

"சொல்லுங்க நிங்யா அப்பா. ஊரே விடையைப் பார்த்து எழுதறப்போ, உங்களுக்கு மட்டும் எப்படி மனசு வரலை?"

தாஷான் தொண்டையைச் செருமிக்கொண்டான். நெஞ்சை நிமிர்த்தினான்.

"எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது டீச்சர்."

மறுபடியும் கைதட்டல். திரும்பிப் போய் முழங்காலை மேஜைக்கடியில் திணித்துக்கொண்டு, ஹாவ்ரான் அம்மாவின் முதுகையே பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை வாசல் கடை வரிசையில் தனக்கு முன்னால் நின்று, இருந்த கடைசிக் காப்பியை வாங்கிக்கொண்டு போனதற்காக அன்றைக்கு முழுக்க அந்த அம்மாவைத் திட்டித் தீர்த்திருந்தான். இப்போது காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது.