எதிர்க்காற்றில் ஒரு மஞ்சள் சட்டை

எங்கள் சைக்கிள் பயணத்தின் மூன்றாம் நாள் அடித்த எதிர்க்காற்று, என் மீசையைப் பிடுங்கிப் பின்னால் வந்த பல் டாக்டருக்கு ஒட்டிவிடும் போலிருந்தது.

இப்படிக் காற்றடித்தால் ஒருவர் முன்னால் போய் அதைத் தாங்குவார். மற்ற இருவரும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வோம். எங்கள் மூவரில் தையல்காரருக்கு மட்டும் விதிவிலக்கு, முழங்கால் வலி. "முடியலன்னா போன் பண்ணுங்க மாமா, கார்ல வந்து ஏத்திக்கிறேன்" என்று அவர் மருமகன் சொல்லியிருந்தான். ஏறிவிட்டால், இந்த வயசில் போதுமென்று வீட்டில் சைக்கிளைப் பிடுங்கிவிடுவார்கள்.

போன் பண்ணாமலே சாயங்காலம் விடுதிக்கு வந்துவிட்டோம்.

"மத்தியானத்துலேந்து நீயே முன்னால போயிட்ட டாக்டரு. பெரிய மனசுப்பா" என்றேன்.

"நானா? மஞ்சள் சட்டைய மாட்டிக்கிட்டு நீதானப்பா பறந்த!"

என்னிடம் மஞ்சள் சட்டையே கிடையாது. அவரிடமும் கிடையாது. இருவரும் தையல்காரரைப் பார்த்தோம்.

"என்னை ஏன் பாக்குறீங்க? நான் கடைசியில வந்தேன். எனக்கு முன்னால மூணு பேரு போனீங்க. அந்த மஞ்சள் சட்டையில முதுகுத் தையல் விட்டிருந்துச்சு. தெச்சுக் குடுக்கணும்."

மறுநாள் காலையிலும் பேய்க்காற்று. தையல்காரர் மஞ்சள் நூல் கோத்த ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு, "இன்னைக்கு நான்தான் முதல்ல" என்றார். தனக்கு முன்னால் ஒரு சைக்கிள் அளவு இடம் விட்டுத்தான் நின்றார். நாங்களும் பின்னால் சேர்ந்துகொண்டோம்.

சாலையோரப் புல்லெல்லாம் எங்களைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது. தையல்காரரின் காலரில் தொங்கிய நூல் அசையவே இல்லை.